ரம்புக்கனையில் இறங்கியவர்கள்

பெப்ரவரி 12, திங்கள்

ஓய்வு பெற்று ஆறு வாரம். இன்றும் விடியுமுன்னே எழுந்து, முகம் கழுவி, தலை வாரி, பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிறகுதான் போவதற்கு ஒபிஸ் இல்லை என்று ஞாபகம் வந்தது. ரெஜினோல்ட் பால் வெட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வீட்டைச் சுற்றி நிற்கும் எங்கள் சொந்த ரப்பர் மரங்களை அவரேதான் வெட்டுகிறார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். சண்டையாவது நடந்திருக்கும்.

பகலில் உப்பைத் தேடி சமையலறைத் தட்டு முழுவதையும் கலைத்தேன். இந்த வீட்டில் முப்பது வருஷமாக நான் சமைத்தது கிறிஸ்மஸ், ஈஸ்டர் மாதிரி நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் அவர்தான். உப்பு ஜன்னலோரத்தில் ஒரு டின்னுக்குள் இருந்ததாம். எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் கலைத்ததையெல்லாம் பழையபடி அடுக்கினார். கல்யாணம் முடித்து வந்த வீட்டில் நான் விருந்தாளி. நல்லா இருக்கு கதை!

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வரும் வழியில் ஸம்சுதீன் நானா போன் எடுத்தார். ஐரோப்பாப் பயணம் செப்டம்பரில், முடிவாகிவிட்டது என்றார். நடுரோட்டில் நின்று சிரித்தேன். தபசு காலம் தொடங்கிய அன்றைக்கே இவளுக்கு என்ன சிரிப்பு என்பதுபோல் எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள்.

இதை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பிறகு எனக்கே நம்ப முடியாது.

ரம்புக்கனையிலிருந்து கோட்டைக்குப் போகும் விடியற்காலை ரயிலில் நாங்கள் நாலு பேர். மாவனல்லை ஸம்சுதீன் நானா, எங்களுக்கு அண்ணன் முறை, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். பியசீலி அக்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாள். இந்திரகுமார் என்னைப்போல் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வெளியே போனவன், இன்னும் வங்கியில் இருக்கிறான். நான் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர். மூன்றாம் பெட்டியில் ஏறியவுடன் இடது பக்கம், எதிரெதிரே இருக்கைகள். முதலில் வருகிறவர் மற்றவர்களுக்கு முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். வெளியாள் யாராவது லேஞ்சியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் பியசீலி அக்கா பேசுகிற சிங்களத்தை இங்கே எழுத முடியாது. அந்த இடத்தில் இருந்துகொண்டே கல்யாணம் பேசினோம், சாவு வீட்டுக்குக் காசு சேர்த்தோம், பிள்ளைகளின் சோதனை முடிவுக்கு அழுதோம். மாதா மாதம் பிடித்த சீட்டுக்கு யாரோ விளையாட்டாக 'ஐரோப்பா சீட்டு' என்று பெயர் வைத்தார்கள். நானா அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அவருடைய திட்டம் இதுதான். போர்த்துக்கலின் தெற்கு மூலையில் லாகோஸ் என்ற ஊரில் ஏறி, நோர்வேயின் வடக்கே நார்விக்கில் இறங்குவது. நடுவில் முழுக்க ரயில். அதிலும் எக்ஸ்பிரஸ் வேண்டாம், முடிந்தவரை எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில். மாளிகை, மியூசியம், கோபுரம் எதுவும் கிடையாது. இருட்டினால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டு, விடிந்தால் அடுத்த ரயில். ஒபிஸ் ட்ரெயினில் யார் எங்கே இருந்தோமோ அங்கேயேதான் இருக்கவேண்டும்.

"ஊர் பாக்கிறதுக்கு எல்லாரும் போறாங்க. நாங்க ட்ரெயின்ல இருக்கப் போறோம்" என்பார். கேட்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வேலை முடிந்த பிறகு எனக்கு ஊரோ வீடோ அல்ல, அந்த இருக்கைதான் இல்லாமல் போனது.

மார்ச் 3, ஞாயிறு

ரெஜினோல்டிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு பால் வாளிகளைக் கழுவப் போனார். அரை மணி நேரம் கழுவினார். நாலே நாலு வாளி!

மெரினாவுக்கு வத்தளைக்குப் போன் போட்டு, உங்க அப்பா ஒன்றும் பேசமாட்டேன் என்கிறார் என்று முறையிட்டேன். "அம்மா, நீங்க அப்பாகிட்ட கேட்டீங்களா, இல்ல சொன்னீங்களா?" என்றாள். பெற்ற மகள்தானே, வாயை அடைக்கத் தெரிகிறது.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

குருத்தோலையை யேசு படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பின்னேரம் நோன்பு திறக்க ஸம்சுதீன் நானா வீட்டுக்குப் போனேன். மாவனல்லைச் சந்தியில் நோன்புக் காலத்துச் சனம், பஸ் நகரவே இல்லை. கஞ்சி குடித்து முடித்த கையோடு நானா வரைபடத்தை விரித்தார்.

பாதை லூர்து வழியாகப் போகிறது! மாதா காட்சி கொடுத்த ஊர், அங்கே ஸ்டேஷனே இருக்கிறது. இறங்கி மாதாவின் குகைக் கெபியைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் வரலாம் என்றேன். ஏலாது என்றுவிட்டார். கோவில் பார்க்க இறங்கினால் இந்திரகுமார் பந்து விளையாடும் மைதானம் பார்க்க இறங்குவான், பிறகு இது சாதாரண டூர் ஆகிவிடுமாம். ஒரு போத்தல் தீர்த்தம் இல்லாமல் நான் எப்படிக் கோவிலுக்குத் திரும்பி வருவது என்று கேட்டேன். ரயில் நிற்கும் நேரத்துக்குள் பிளாட்பாரத்தில் இறங்கி ஜெபம் சொல்லிவிட்டு ஏறலாம், அதற்குத் தடையில்லை என்று பெரிய மனது பண்ணினார். பியசீலி அக்கா எனக்காகச் சண்டை போட்டாள். இன்னும் முடியவில்லை, முடிய விடவும் மாட்டேன்.

திரும்பி வந்தபோது ரெஜினோல்ட் சாப்பிட்டு முடித்து, என் தட்டை மூடி வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் சொல்ல வாய் துடித்தது. அவருக்கு இதில் என்ன என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

பயிற்சி. நானாவின் உத்தரவுப்படி நாலு பேரும் நிறைத்த பைகளோடு ரம்புக்கனை ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். ஐரோப்பாவில் கூலிக்கு ஆள் கிடையாது, பெட்டியை அவரவர்தான் தூக்கவேண்டும். சரி. ஆனால் பையில் செங்கல் வைத்துக்கொண்டு வரச் சொன்னது எந்த நியாயம்? டிக்கெட் கவுண்டரில் இருந்த பெடியன் வெளியே வந்து, எங்கே போகிறீர்கள் அக்கே என்று சிங்களத்தில் கேட்டான். நோர்வேக்கு என்றாள் பியசீலி அக்கா. அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மே 21, செவ்வாய்

விசா அலுவல். கொழும்பு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண், போய் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று நானாவிடம் கேட்டாள். ஒன்றும் பார்க்கப்போவதில்லை என்றார் நானா. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு அவர் ஒவ்வொரு ரயிலாகச் சொல்லத் தொடங்க, அவளே போதும் என்று கையைக் காட்டினாள்.

மே 30, வியாழன்

விசா வந்துவிட்டது. நாலு பேருக்கும்!

கடவுச்சீட்டை மேசையில் வைத்தேன். ரெஜினோல்ட் எடுத்துப் புரட்டினார். என் படம் இருக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "இந்தச் சட்டை எப்ப தச்ச?" என்று கேட்டார். மூன்று வருஷமாகப் போடுகிற சட்டை. விடியுமுன்னே போட்டுக்கொண்டு போய் இருட்டிய பிறகு வந்து கழற்றியது, அவர் எங்கே பார்த்தார்.

மெரினாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டது அப்பாதான் என்றும், தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்துவிட்டு ஓடி வந்து ரிப்பன் கட்டிவிட்டு மறுபடி ஓடுவார் என்றும் சொன்னாள். எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பார்த்ததில்லை.

ஜூன் 2, ஞாயிறு

நானே ஒரு யோசனை சொன்னேன். எட்டாம் திகதி கோட்டையிலிருந்து பதுளைக்கு ஒத்திகைப் பயணம். நாள் முழுக்க ரயிலில் உட்கார முடிகிறதா என்று பார்க்கத்தான். அதற்கு ரெஜினோல்டையும் கூட்டி வருகிறேன் என்றேன். நானா யோசித்தார். அணியில் இல்லாதவர், ஆனாலும் வீட்டுக்காரர்தானே, நடைபாதைக்கு அந்தப்பக்கம் இருக்கட்டும் என்றார்.

அவரிடம் இந்தத் தடவை கேட்டேன், சொல்லவில்லை. "என்னாங்க, வாறீங்களா?" எனக்கு எதுக்கு அதெல்லாம் என்றார். பின்னேரம் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. இனி இருக்கிற காலத்தை இந்த மனுஷனோடுதான் கழிக்கப்போகிறேன். அவருக்கு நானும், எனக்கு அவரும் யார் என்று இன்னும் தெரிந்துகொள்ளாவிட்டால் எப்போது?

ஜூன் 8, சனி

நான் என்ன மனுஷி.

வீட்டில் தனியாக இருந்து எழுதுகிறேன். அவர் வரவில்லை.

நேற்று வத்தளையில் மெரினா வீட்டில் தங்கி, காலையில் கோட்டையில் ஏறினோம். நாங்கள் நாலு பேரும் இடது பக்கம், எங்கள் இடம். அவர் வலது பக்கம், ஜன்னலோரம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருடைய போனில் சார்ஜ் இல்லை. வாங்கி என் கைப்பையில் பவர் பேங்கில் போட்டேன். கொஞ்ச நேரம் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வடை வாங்கிக் கொடுத்தேன். பிறகு லூர்து சண்டை தொடங்கியது, நான் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

பொல்கஹவெல தாண்டியும் சண்டை முடியவில்லை. நானா பிடிவாதம், நான் அதைவிடப் பிடிவாதம், இந்திரகுமார் இரண்டு பக்கமும் தூண்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். ரயில் வேகம் குறைந்தது. பியசீலி அக்கா பையை எடுத்தாள். நானும் எடுத்தேன். நானா தொப்பியைச் சரிசெய்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவை என்றைக்கும் இருந்ததில்லை. ரம்புக்கனை வந்தால் இறங்குவோம். அதற்கு அப்பால் ரயில் மலையேறிப் போவது மற்றவர்களுக்கு.

இறங்கினோம். பேசிக்கொண்டே மேம்பாலத்தில் பாதி ஏறிவிட்டோம். கீழே ரயில் ஊதிக்கொண்டு புறப்பட்டபோதுதான் இந்திரகுமார் நின்றான்.

"அக்கா, நாங்க பதுளைக்குல்ல போறோம்?"

சிரித்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நோர்வேக்குப் போகிற ஆட்கள் ரம்புக்கனையைத் தாண்ட முடியவில்லையே என்று நானா சொல்லச் சொல்ல மேலும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசிப் பெட்டியும் எங்கள் காலுக்குக் கீழே கடந்து போகும்வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தார்.

அவருடைய போன் என் பையில்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினோம். அவர் முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு மேலே கண்டிக்குப் பேசினார். பேரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் யாரும் இறங்கி வரவில்லையாம். தூங்கியிருப்பார், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவார் என்று எல்லோரும் சொன்னார்கள். மலையிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலையும் பார்த்தேன். இருட்டும் வரை பெஞ்சில் இருந்தேன். பியசீலி அக்கா சோறு கொண்டுவந்து கொடுத்து, "அனே நங்கி", ஐயோ தங்கச்சி, என்று முதுகைத் தடவினாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மேல் என்ன பிழை?

சாயங்காலம் யாருடையதோ நம்பரிலிருந்து மெரினாவுக்குப் பேசியிருக்கிறார். பதுளைப் பக்கம் நல்ல ஒருவர் வீட்டில் தங்குகிறாராம், நாளைக்கு வருவாராம். என் நம்பருக்கு ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போகாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். கையில் ஒரு கட்டு லீக்ஸ். "இங்கயா இருக்க?" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வீட்டுக்கு வந்தோம். லீக்ஸ் நானுஓயாவில் வாங்கியது என்றார். 

ஜூன் 10, திங்கள்

காலையில் அவர் பின்னாலேயே மரங்களுக்குப் போனேன். பட்டையில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"தூங்கல. நீ பைய எடுத்தத பாத்தேன்."

"அப்பறம் கூப்பிட்டிருக்கலாமேங்க."

பால் இறங்கத் தொடங்கியது. சிரட்டையைச் சரியாகக் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கூப்பிட்டா திரும்புவ. கூப்பிடாம திரும்புவியான்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.  அட்டை கடிக்கும் என்றுகூட நினைக்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்ல? மறந்துவிட்டேன் என்றா? ஒரு குடை என்றால் மறந்தேன் எனலாம்.

ஜூன் 13, வியாழன்

நானாவுக்குப் போன் எடுத்து, ஐரோப்பாவுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.  "நம்ம நாலு பேரும் எறங்கினதுதானே தங்கச்சி" என்றார். நாலு பேரும் இறங்கினோம். கட்டினவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 16, ஞாயிறு

பியசீலி அக்கா ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். ரெஜினோல்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நாங்கள் உங்களை விட்டுவிட்டு இறங்கியது பாவம் மகத்தயா, அதற்காக நங்கியைத் தண்டிக்காதீர்கள் என்று சிங்களத்தில் அழுதாள். அவர் சிரித்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் வெடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"போகாம இருந்து யாருக்குக் காட்டப் போற? நான் போக வேணாம்னு சொன்னேனா? நீ இல்லாம இருக்க முப்பது வருஷத்துல பழகிட்டேன். இனி நீ மொகத்தத் தூக்கி வச்சிகிட்டு வீட்டுல இருக்கிறதுக்கும் பழகணுமா?"

நானும் விடவில்லை. வேலைக்குப் போனேன், சுற்றப் போகவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக் கூரை என்று கத்தினேன். தெரியும், தெரியும் என்றார். நான் அழுதேன். மறந்ததற்கு மன்னித்துவிடுங்கள் என்று அப்போதுதான் வாயிலிருந்து வந்தது. ஒரு வாரமாக வராத வார்த்தை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். கடுகண்ணாவைக்கு ஏறும்போது இறங்கிவிடலாமா என்று இருந்ததாம். கண்டியில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டதாம், வேண்டுமென்றே அசையாமல் இருந்தாராம். பேராதனையில் ஏறிய யோசப் என்பவர் எதிரே உட்கார்ந்து, தனியாகவா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாராம். அந்த யோசப் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்.

"கோவம் நானுஓயா வரைக்கும்தான் இருந்திச்சு. அதுக்கப்பறம் நல்லா இருந்திச்சு. நீ போயிட்டு வா."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். நல்லா இருந்திச்சு என்றால் என்ன அர்த்தம்?

ஜூன் 17, திங்கள்

ஹஜ் பெருநாள். வாழ்த்துச் சொல்ல எடுத்தபோது, வருகிறேன் என்று நானாவிடம் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு, லூர்தில் ஒரு ரயில் விட்டு அடுத்த ரயில் பிடிக்கலாம் என்றார். ஆடு அறுக்கிற அவசரத்தில் சொன்னாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 29, சனி

விடிந்தும் விடியாமலும் ரெஜினோல்ட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கண்டிக்குப் போய் வருகிறேன் என்றார். என்ன வேலை என்றேன். வேலை ஒன்றும் இல்லை என்றார். நானும் வரவா என்று கேட்டேன். யோசித்தார், உண்மையாகவே யோசித்தார். "இன்னொரு நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சோறு ஆக்கினேன். உப்பு எங்கே என்று இப்போது தெரியும்.

ஜூலை 20, சனி

இன்றைக்கு மாத்தறை. போன வாரம் புத்தளம். எனக்கு வெளிநாட்டுப் பயணம், ஆனால் வீட்டில் இருப்பது நான், ஊர் சுற்றுவது அவர்! மெரினாவிடம் குறை சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மழையில் நனைந்துகொண்டு வந்தார். துவாலையை எடுத்துக் கொடுத்தேன். சாப்பிடும்போது அவரே பேசினார். காலி தாண்டினால் கடல் ரயிலுக்குள்ளேயே தெறிக்கிறது, எதிரே இருந்த கைக்குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது, வெலிகமையில் மீன் அப்படிப் புதுசு. கை காயும்வரை பேசினார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வருமா? இல்லை, முன்பும் வந்ததா? நான் வந்து சேரும் நேரத்தில் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும், எனக்கு அதைவிடத் தூக்கம்.

ஆகஸ்ட் 15, மாதா பெருநாள்

பூசைக்கு இருவரும் போனோம். வெளியே வரும்போது அவர் கூட்டத்துக்குள் பின்தங்கிவிட்டார். வாசலில் நின்று காத்திருந்து சேர்ந்து வந்தேன். அவர் கவனித்தாரா தெரியாது. கவனிக்க வேண்டும் என்று செய்யவில்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று புறப்பாடு. சம்பல் போத்தல், கருவாடு, ஸ்வெட்டர் எல்லாம் கட்டியாயிற்று. பையை அவரே பஸ்ஸில் ஏற்றினார். கட்டுநாயக்கவுக்கு வரவில்லை. ஸ்டேஷனில் கை காட்டிவிட்டு, டிக்கெட் கவுண்டர் பக்கம் போனதைப் பார்த்தேன். எங்கே போகிறார் என்று கேட்க ரயில் விடவில்லை.

செப்டம்பர் 7, சனி

லாகோஸிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் ரயில். நாலு பேரும் நாலு இடத்தில். நானா ஜன்னலோரம், பியசீலி அக்கா எதிரே அரைத்தூக்கம், இந்திரகுமார் பேப்பரில் படம் மட்டும் பார்க்கிறான். முப்பது வருஷமாக இருந்த மாதிரியேதான் இருக்கிறோம். வெளியேதான் ஊர் வேறு.

கொஞ்சம் முன்னால் ஒரு காடு வந்தது. காடு இல்லை, தோட்டம்தான். நெட்டையில்லாத மரங்கள். ஒவ்வொன்றுக்கும் கிளை பிரியும் உயரம் வரை பட்டையைச் சுற்றிவர உரித்து எடுத்திருக்கிறார்கள். உரித்த இடம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சைகையில் கேட்டேன். போத்தலைத் திறப்பதுபோல் செய்து காட்டினாள். கார்க்! கார்க் மரமாம். உரித்தாலும் சாகாதாம், மறுபடி பட்டை வளருமாம், அதையும் கையாலேயே காட்டினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரத்தில் வெள்ளையில் இலக்கம் போட்டிருக்கிறார்கள், உரித்த வருஷமாக இருக்கும். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், மரம் எப்போது தாங்கும், இதெல்லாம் ரெஜினோல்டுக்குத்தான் புரியும். இங்கே உள்ள மூன்று பேருக்கும் சொல்லிப் பிரயோசனமில்லை. நானாவிடம் சொன்னேன். "அழகுதான்" என்றார்.

உடனே போன் எடுத்தேன். ஊரில் பின்னேரம். இரண்டாம் தரம்தான் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம், ஒலிபெருக்கியில் சிங்களம். எங்கே நிற்கிறீர்கள் என்றேன். பொல்கஹவெலயில், மட்டக்களப்பு ரயிலுக்கு என்றார்.

"இங்க ஒரு மரம் பாத்தேங்க—"

"ட்ரெயின் வருது சுகந்தி. வைக்கிறேன்."

வைத்துவிட்டார்.

அது என்னுடைய வாக்கியம். கோட்டையிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். மெரினா கையை உடைத்துக்கொண்ட அன்றைக்கும் அவர் ஏதோ சொல்லத் தொடங்க, அதைத்தான் சொன்னேன்.

அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மரங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. இங்கிருந்து அவருக்குச் சொல்ல இன்னும் எவ்வளவு சேருமோ. அந்த வீட்டில் அவர் எத்தனையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமலே படுத்திருப்பார்.

மட்டக்களப்பில் அவர் இறங்க இங்கே பொழுது சாயும். அப்போது எடுப்பேன். முதலில் அவர் பேசட்டும்.